ஜீன் கிளார்க்கை வரிசையாகக் கேளுங்கள்

ஜீன் கிளார்க் என்று தேடினால் முதலில் கிடைப்பது எப்போதும் ஒரே கதைதான். 'த பேர்ட்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவில் பாடினார், விமானத்தில் ஏறப் பயம், அதனால் குழுவை விட்டு விலகினார், அப்புறம் குடியும் போதையுமாகச் சரிந்து 46 வயதில் இறந்துபோனார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு அவருடைய ரெக்கார்டுகளைக் கேட்க வருகிறவர்கள், பரிதாபப்படத் தயாராகவே வந்து உட்கார்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. 1965 முதல் 1974 வரை அவர் பதிவு செய்ததை, செய்த வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள். விற்பனை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது. பாட்டோ வருடத்துக்கு வருடம் ஆழமாகிக்கொண்டே போகிறது.

நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிதார் வாசிக்கிறவன். பாடகருக்குப் பின்னால் நின்று கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) பிடிப்பதுதான் என் வேலை. அதனால் ஒரு பாட்டைக் கேட்கும்போது என் காது முதலில் போவது கார்ட் எங்கே மாறுகிறது என்பதற்குத்தான். கிளார்க்கிடம் நான் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். பளிச்சென்று ஒலிக்கும் மேஜர் கார்டுகளிலேயே சுகமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு வரியைத் திடீரென்று சோகம் தொனிக்கும் மைனருக்குத் திருப்புவார். அந்தத் திருப்பம் வரும் இடத்தில் பாட்டின் அர்த்தமே கொஞ்சம் இருண்டுவிடும். அவருடைய பாட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். விரலுக்கு ஒன்றும் கஷ்டமில்லாத கார்டுகள்தான். அவற்றை எந்த இடத்தில் வைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1944 நவம்பர் 17 அன்று மிசூரி மாநிலத்தின் டிப்டன் என்ற சிறு ஊரில் பிறந்தவர். முழுப்பெயர் ஹரால்ட் யூஜின் கிளார்க். வீட்டில் 13 பிள்ளைகள். வளர்ந்தது கான்சஸ் சிட்டி பக்கம். அங்கே 'சர்ஃப் ரைடர்ஸ்' என்ற நாட்டுப்பாடல் குழுவில் பாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் காலத்தில் பெரிய பெயரான 'நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ்' குழுவினர் கேட்டுவிட்டு 1963 ஆகஸ்டில் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அது கோரஸில் பத்துப் பேரோடு ஒருவராக நின்று பாடும் வேலை. சில மாதங்களில் பீட்டில்ஸ் காதில் விழுந்தது. உடனே அந்த வேலையை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே ட்ரூபடோர் கிளப்பில் ஒரு மெலிந்த ஆள் பீட்டில்ஸ் பாட்டுகளை நாட்டுப்பாடல் பாணியில் கிதாரோடு பாடிக்கொண்டிருந்தார். அவர்தான் மெகின். (அப்போது பெயர் ஜிம், பிறகுதான் ராஜர்.) இரண்டு பேரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். டேவிட் கிராஸ்பி வந்து மேல்சுரத்தில் ஹார்மனி சேர்த்தார். கிறிஸ் ஹில்மனும் மைக்கேல் கிளார்க்கும் வந்தார்கள். ட்ரம்ஸ் வாசித்த மைக்கேல், ஜீனுக்கு உறவு இல்லை, பெயர் மட்டும்தான் அப்படி. பேர்ட்ஸ் தயார்.

பேர்ட்ஸ் குரல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பேர் பாடுகிறார்கள் என்பதால் மூன்று தனி சுரங்கள் கேட்கும் என்று நினைப்போம். உண்மையில் மெட்டை மெகினும் ஜீனும் சேர்ந்து ஒரே சுரத்தில் பாடுவார்கள். கிராஸ்பி மட்டும் அதற்கு மேலே விலகி நிற்பார். மெகினின் குரல் மெலிசு, கொஞ்சம் மூக்கால் வருவது. ஜீனின் குரல் அகலமானது, நெஞ்சிலிருந்து வருவது. இரண்டும் ஒன்றாகும்போது மூன்றாவதாக ஒரு குரல் பிறக்கிறது. பேர்ட்ஸ் என்றால் எல்லோருக்கும் மெகினின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிதார்தான் நினைவுக்கு வருகிறது. அது நியாயம்தான். ஆனால் அந்தக் கூட்டுக்குரலில் ஜீனை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதை அடுத்த வருடங்களின் ரெக்கார்டுகளில் நீங்களே கேட்கலாம்.

1965 ஜனவரியில் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவானது. பாப் டிலனின் பாட்டு. தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர், இந்தப் பையன்கள் இன்னும் தேறவில்லை என்று ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்தார். பேர்ட்ஸ் ஆட்களில் வாத்தியம் வாசித்தது மெகின் ஒருவர்தான். ஜீனும் கிராஸ்பியும் பாட மட்டும் செய்தார்கள். ஜூன் மாதம் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்துக்கு வந்தது.

அந்த ரெக்கார்டைத் திருப்பிப் போட்டால் 'ஐ நியூ ஐ'ட் வான்ட் யூ' இருக்கும். எழுதியவர் ஜீன் கிளார்க். அடுத்த சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறு ரெக்கார்டு) பின்பக்கம் 'ஐ'ல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்'. அதுவும் ஜீன். டிசம்பரில் மறுபடியும் முதல் இடம் பிடித்த 'டர்ன்! டர்ன்! டர்ன்!' சிங்கிளின் பின்பக்கம் 'ஷி டோன்ட் கேர் அபௌட் டைம்'. அதுவும் அவர்தான். சிங்கிள் விற்றால் முன்பக்கப் பாட்டை எழுதியவருக்கு என்ன கிடைக்குமோ அதே பங்கு பின்பக்கத்துக்கும் உண்டு. ஆக, இருபது வயதுப் பையன் குழுவில் எல்லோரையும் விட அதிகமாகச் சம்பாதித்தார். ஒரு ஃபெராரி கார் வாங்கினார். மற்றவர்கள் அதே மேடையில் அதே வேர்வையைச் சிந்திவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்பினார்கள். குழுவுக்குள் மனக்கசப்பு எங்கே தொடங்கியிருக்கும் என்று ஒரு மெல்லிசைக் குழுக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஆரம்பத்தில் ரிதம் கிதார் ஜீனிடம்தான் இருந்தது. உனக்குத் தாளம் நிற்கவில்லை என்று கிராஸ்பி சொல்லிச் சொல்லி, கடைசியில் கிதார் கிராஸ்பி கைக்குப் போனது. ஜீன் கையில் டாம்பரினோடு (கஞ்சிரா மாதிரி ஒரு தாள வாத்தியம்) மேடையின் நடுவில் நின்றார். குழுவின் முக்கியப் பாட்டெழுத்தாளர் அவர். தான் எழுதிய பாட்டுக்கே கார்ட் பிடிக்க முடியாமல் நிற்பது எப்படி இருக்கும்? பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கைகளுக்குத்தான் போகும்.

'ஐ'ல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்' இரண்டரை நிமிடப் பாட்டு. துள்ளுகிற தாளம், மணியடிக்கிற கிதார். கேட்டால் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் நீ போய்விட்டால் எனக்கு நிம்மதி என்று பாடுகிறவனுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது பல்லவியிலேயே தெரிந்துவிடும். அந்தத் தயக்கம்தான் ஜீன் கிளார்க். 'செட் யூ ஃப்ரீ திஸ் டைம்' இன்னும் ஒரு படி மேலே. வானொலிக்கு எழுதுகிற காலத்தில், மனதில் பதிகிற பல்லவி என்று எதுவுமில்லாமல், ஒரே மூச்சில் நீண்டுபோகும் வரிகளில், பிரிந்துபோனவளிடம் நிதானமாகப் பேசுகிறார். 1966 தொடக்கத்தில் அதைச் சிங்கிளாகப் போட்டார்கள். ஓடவில்லை. ஓடாததில் ஆச்சரியமில்லை. நடனமாடும் பிள்ளைகள் மத்தியில் ஒருவர் எழுந்து கடிதம் வாசித்தால் யார் கேட்பார்கள்?

அப்புறம் 'எய்ட் மைல்ஸ் ஹை'. 1965 ஆகஸ்டில் பேர்ட்ஸ் லண்டனுக்குப் போய் வந்த பயணத்தைப் பற்றிய பாட்டு. விமானம் பறக்கும் உயரம் ஆறேழு மைல்தான், எட்டு என்றால் பாடக் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று எட்டாக்கினார்கள். வரிகளில் பெரும்பகுதி ஜீனுடையது. மெகினுக்கும் கிராஸ்பிக்கும் பங்கு உண்டு, பெயரும் மூன்று பேருக்கும்தான். அந்த வருடக் கடைசியில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் வண்டியில் இரண்டே விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்: ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன், ரவிசங்கரின் சிதார். மெகின் தன் பன்னிரண்டு தந்தியில் கோல்ட்ரேனைப் பிடிக்கப் பார்த்தார். அந்தக் கிதார் முன்னிசை இன்று கேட்டாலும் தலையைக் கலக்குகிறது. ஆனால் அந்தக் கலக்கத்துக்குக் கீழே ஜீனின் மைனர் மெட்டு, மழை பெய்யும் சாம்பல் நிற ஊரில் முகம் தெரியாதவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவனின் குரலில், அசையாமல் நிற்கிறது. அதைக் கவனிக்காமல் கேட்டால் பாட்டில் பாதிதான் கிடைக்கும். 1966 ஜனவரியில் பதிவு, மார்ச்சில் வெளியீடு, 14ஆம் இடம் வரை போனது. போதைப்பொருளைப் பற்றிய பாட்டு என்று புரளி கிளம்பியதும் பல வானொலிகள் நிறுத்திவிட்டன.

அது வெளிவரும் சமயத்தில்தான் அந்த விமானச் சம்பவம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் ஏறி உட்கார்ந்தவருக்கு உடல் நடுங்கத் தொடங்கியது. இறங்கிவிட்டார். குழுவிலிருந்தும் விலகிவிட்டார். பயம் உண்மைதான். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வருடத்துக்குள் இரண்டு முதலிடங்கள், ஓயாத பயணம், பறிபோன கிதார், பணத்தால் வந்த முறைப்பு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறிய ஆள் அவர். உட்கார்ந்து எழுத அமைதி வேண்டிய மனிதருக்கு அந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை.

அடுத்த மூன்று வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 பிப்ரவரியில், பாடகர்களான காஸ்டின் சகோதரர்களோடு, முதல் தனி ஆல்பம். பேர்ட்ஸின் புது ஆல்பமும் அதே மாதம், அதே கொலம்பியா நிறுவனத்திலிருந்து வந்தது. ஜீனுடையது மூழ்கிப்போனது. லியான் ரசல் வாத்திய இசை அமைத்த 'எக்கோஸ்' என்ற ஒரு பாட்டுக்காகவே அதைத் தேடிப் போகலாம். அக்டோபரில் கிராஸ்பியை நீக்கிய பிறகு ஜீனை மறுபடி குழுவுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம்தான். மறுபடி விமானம், மறுபடி நடுக்கம், ரயில் பிடித்து ஊர் திரும்பினார்.

பிறகு பாஞ்சோ வாசிப்பதில் பேர்போன டக் டில்லர்டோடு சேர்ந்தார். 1968இல் 'த ஃபன்டாஸ்டிக் எக்ஸ்பெடிஷன் ஆஃப் டில்லர்ட் & கிளார்க்'. கன்ட்ரி ராக் (அமெரிக்க நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்த பாணி) எங்கே தொடங்கியது என்று பேசுகிறவர்கள் அதே வருடம் வந்த பேர்ட்ஸின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ'வைத்தான் காட்டுவார்கள். என் காதுக்கு டில்லர்ட் & கிளார்க்தான் கூடுதல் இயல்பு. வேஷம் போட்டுக்கொண்ட உணர்வே இல்லை, திண்ணையில் உட்கார்ந்து வாசித்தது போல் இருக்கிறது. அந்தக் குழுவில் இருந்த பெர்னி லீடன் பிறகு ஈகிள்ஸில் சேர்ந்தார். ஜீனோடு சேர்ந்து எழுதிய 'ட்ரெயின் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்' பாட்டையும் கூடவே கொண்டுபோனார். ஈகிள்ஸின் 1972 முதல் ஆல்பத்தில் அது இருக்கிறது. அந்த ஆல்பம் எத்தனை வீட்டுக்குள் போனதோ, அத்தனை வீட்டிலும் ஜீனின் வரிகள் ஒலித்தன. எழுதியவரின் பெயரை எத்தனை பேர் திருப்பிப் பார்த்திருப்பார்கள்?

இனி நான் நின்று பேச விரும்பும் இடம்.

1970இல் கல்யாணம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பசிபிக் கடலோரத்தில், மெண்டோசினோ பக்கம் குடியேறினார். கச்சேரி கிடையாது, குழு கிடையாது. பழைய பாட்டுகளின் பணம் வந்துகொண்டிருந்ததால் அவசரமும் கிடையாது. அங்கே எழுதிய பாட்டுகள்தான் 1971 ஆகஸ்டில் வெளிவந்த 'ஒய்ட் லைட்'. அட்டையில் அந்தத் தலைப்புகூட இருக்காது, ஜீன் கிளார்க் என்ற பெயர் மட்டும்தான். சூரியன் பின்னால் இருக்க, ஆள் நிழலுருவாக நிற்பார். தயாரித்தவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ். கயோவா பழங்குடியைச் சேர்ந்த அருமையான கிதார் கலைஞர். அந்த ஆல்பம் வெளிவந்த அதே ஆகஸ்டின் முதல் நாள் நியூயார்க்கில் நடந்த பங்களாதேஷ் நிதிக் கச்சேரியில், ரவிசங்கர் வாசித்த அதே மேடையில், பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பக்கத்தில் கிதார் வாசித்தவர்.

டேவிஸ் செய்த பெரிய காரியம், ஒன்றும் செய்யாமல் விட்டது. ஜீனின் அக்கூஸ்டிக் கிதாரும் மவுத் ஆர்கனும் குரலும் முன்னால் இருக்கின்றன. பேஸ், ட்ரம்ஸ், ஆர்கன் எல்லாம் இருந்தும் எதுவும் குரலை இடிக்கவில்லை. டேவிஸின் சொந்தக் கிதார்கூட இரண்டு வரிகளுக்கு இடையில் வந்து ஒரு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். பின்னால் நின்று வாசிக்கிறவர்கள் பாடமாகக் கேட்க வேண்டிய ரெக்கார்டு இது. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் கிதார் பிள்ளைகளிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மொத்தம் 9 பாட்டு. ஒன்று மட்டும் டிலனும் ரிச்சர்ட் மானுவலும் எழுதியது. மற்றவை ஜீனுடையவை, 'வித் டுமாரோ'வில் மட்டும் டேவிஸுக்கும் பங்கு உண்டு. 'வித் டுமாரோ' மூன்று நிமிடம்கூட வராது. முடிந்துபோன ஒரு காதலைப் பற்றி அவ்வளவு குறைந்த சொற்களில், குறை சொல்லாமல், அழாமல் பாடியதை நான் அதிகம் கேட்டதில்லை. இரண்டாம் பக்கம் தொடங்குவது 'ஃபார் எ ஸ்பானிஷ் கிதார்'. இதுதான் அவருடைய மிகச் சிறந்த பாட்டு என்பது என் முடிவு. கடலின் மணியோசை, குழந்தைகளின் சிரிப்பு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்க, எல்லாவற்றையும் ஒரு கிதாருக்கு வேண்டிய இசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். வரிகள் மிக நீளம். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள். சாதாரணப் பாடகர் வரியின் முடிவில் மூச்சு எடுப்பார். இவர் சில இடங்களில் ஒரு வரியின் முடிவை அடுத்த வரிக்குள் கொண்டுபோய்விட்டு, அர்த்தம் முடிகிற இடத்தில்தான் நிற்கிறார். இதைப் பாடியபடி வாசிக்க நான் வெகு நாள் பழகியிருக்கிறேன். கை எளிதில் வந்துவிடும், மூச்சுதான் வராது.

நெதர்லாந்தில் 'ஒய்ட் லைட்'டை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அமெரிக்காவில் ஆள் கண்டுகொள்ளவில்லை. ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பாடவும் அவர் தயாராக இல்லை. 1972இல் அடுத்த ஆல்பத்துக்குப் பாடத் தொடங்கியபோது, செலவு ஏறுகிறது என்று நிறுவனம் பாதியில் நிறுத்தியது. பதிவானதோடு சில பழைய பாட்டுகளையும் சேர்த்து 1973இல் 'ரோட்மாஸ்டர்' என்று நெதர்லாந்தில் மட்டும் வெளியிட்டார்கள். அந்தப் பழைய பாட்டுகளில் இரண்டில் பேர்ட்ஸின் ஐந்து பேரும் வாசித்திருக்கிறார்கள். 'இன் எ மிஸ்டி மார்னிங்' பாட்டுக்கு ஒரு மழை நாளை ஒதுக்கி வையுங்கள்.

1973இல் பழைய பேர்ட்ஸ் ஐந்து பேரும் ஒன்றுகூடி ஒரு ஆல்பம் போட்டார்கள். மற்ற நான்கு பேரும் தங்கள் நல்ல சரக்கை வேறெதற்கோ பத்திரமாக வைத்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். ஜீன் மட்டும் 'ஃபுல் சர்க்கிள்', 'சேஞ்சிங் ஹார்ட்' என்று தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். நீல் யங்கின் இரண்டு பாட்டுகளையும் அவர்தான் முன்நின்று பாடினார். விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைப் பிய்த்து எறிந்தாலும் ஜீன் தப்பித்தார். அசைலம் நிறுவனத்தின் டேவிட் கெஃபன் அவரைத் தனியாக ஒப்பந்தம் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் 'நோ அதர்'.

மெண்டோசினோ வீட்டில், கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் முன்னால் கிதாரும் நோட்டுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய பாட்டுகள் இவை. அதை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸின் வில்லேஜ் ரெக்கார்டர் ஸ்டூடியோவுக்குப் போனார். தயாரிப்பாளர் தாமஸ் ஜெஃபர்சன் கே. ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு. 1974க்கு அது பயங்கரத் தொகை. லீலண்ட் ஸ்க்லார், ரஸ் கங்கல், ஜெஸ்ஸி எட் டேவிஸ், ஜோ லாலா, பின்குரலுக்கு கிளைடி கிங், வெனிட்டா ஃபீல்ட்ஸ் என்று ஊரிலேயே தேர்ந்த ஆட்கள். குரலுக்கு மேல் குரல், கிதாருக்கு மேல் கிதார் என்று அடுக்கினார்கள். இவ்வளவு செலவழித்துக் கொண்டுவந்து வைத்தது 8 பாட்டு. அட்டையில் 1920களின் ஹாலிவுட் படங்களை ஒட்டிச் சேர்த்த கோலம், பின்பக்கம் ஒப்பனையோடு ஜீன். கன்ட்ரி ராக் விற்கிற கடையில் இதை எந்த அடுக்கில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுவனமும் விளம்பரத்தில் அக்கறை காட்டவில்லை. பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 144ஆம் இடம். 1976க்குள் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இன்று இதைத்தான் எல்லோரும் அவருடைய உச்சம் என்கிறார்கள். நான் 'ஒய்ட் லைட்' கட்சி. ஆனாலும் 'நோ அதர்' முன்னால் எழுந்து நிற்பேன். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' பாட்டில் முதல் சொல் வருவதற்கே வெகு நேரம் ஆகும். அதுவரை சொல்லில்லாத குரல்கள் மலைபோல் எழுந்துகொண்டே இருக்கும். இசை ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதைப் பாடும் பாட்டு அது. முதலில் செய்து காட்டிவிட்டுத்தான் சொல்ல வருகிறார். 'சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், ஒரு நொடியையும் குறைக்க மாட்டேன். கடைசிப் பாட்டு 'லேடி ஆஃப் த நார்த்', டக் டில்லர்டோடு சேர்ந்து எழுதியது. அதன் முடிவில் ரிச்சர்ட் கிரீனின் வயலின் வரும். எங்கள் குழுவில் வயலின் வாசிக்கும் அண்ணன் ஆங்கிலப் பாட்டே கேட்காதவர். ஒத்திகை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இதைப் போட்டேன். சுருட்டுவதை நிறுத்திவிட்டார். "தம்பி, இன்னொரு தரம் போடு" என்றார். இரண்டாவது தரம் முடிந்ததும், "யாருப்பா எழுதினது?" என்றுதான் கேட்டார். வாசித்தது யார் என்று கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

2019இல் லண்டனின் 4ஏடி நிறுவனம் இந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது, ஸ்டூடியோவில் எடுத்த மாற்றுப் பதிவுகளோடு. மேலே அடுக்கியதெல்லாம் இல்லாமல், சில வாத்தியங்களோடு ஜீன் பாடும் அந்தப் பதிவுகளைக் கேட்ட பிறகுதான் ஒன்று எனக்கு உறுதியானது. அடுக்குகள் பாட்டின் ஓட்டையை மறைக்க வந்தவை இல்லை. வெறும் கிதாரிலேயே அவை முழுசாக நிற்கின்றன. ஒரு லட்சம் டாலரை வீணாக்கினார் என்று எழுதுகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

அந்தத் தோல்வியிலிருந்து அவர் மீளவில்லை என்பது உண்மை. 1975இல் கிதார், பேஸ் வாசிக்கும் இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு சின்னச் சின்ன கிளப்புகளில், தரைவழியாகவே போய்ப் பாடினார். 1977இல் 'டூ சைட்ஸ் டு எவ்ரி ஸ்டோரி', மணவாழ்க்கை முறிந்த வலியோடு. 1979இல் மெகின், ஹில்மனோடு சேர்ந்து ஒரு ஆல்பம். அதில் மெகின் பாடிய ஒரு பாட்டு 33ஆம் இடம் வரை வந்தது. அடுத்த ஆல்பத்தில் ஜீனின் பெயர் மற்ற இருவருக்கும் பின்னால் கூடுதல் ஆள்போல் ஒட்டப்பட்டிருந்தது. அந்த மினுமினுப்பான டிஸ்கோ வாசனை எனக்கு ஒத்துவரவே இல்லை, அதைப் பற்றி நீட்ட மனமில்லை.

1987இல் கார்லா ஓல்சனோடு பாடிய 'ஸோ ரெபெல்லியஸ் எ லவர்' வேறு விஷயம். அவருடைய உடம்பு அப்போதே கெட்டிருந்தது, குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் 'ஜிப்ஸி ரைடர்' என்ற பாட்டில், மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போகிற ஒருவனைப் பாடும்போது, 1971இன் நிதானம் அப்படியே திரும்பி வந்திருக்கும். அடுத்த வருடம் வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை. 1989இல் டாம் பெட்டி தன் 'ஃபுல் மூன் ஃபீவர்' ஆல்பத்தில் 'ஐ'ல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்' பாட்டைப் பாடினார். ஆல்பம் பல லட்சம் விற்றது, ஜீனுக்குப் பணம் வந்தது. வந்த பணம் அவரை மறுபடி குடிக்கும் போதைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1991 ஜனவரியில் ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் பேர்ட்ஸைச் சேர்த்தபோது ஐந்து பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். மே 24 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் ஷெர்மன் ஓக்ஸ் வீட்டில் ஜீன் இறந்துபோனார். டிப்டனில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே 'நோ அதர்' என்று பொறித்திருக்கிறது.

பிறகு பாட்டுகள் தாங்களாகவே வழி தேடிக்கொண்டன. 4ஏடி நிறுவனத்தின் 'திஸ் மார்ட்டல் காயில்' கூட்டணி 1986லேயே 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' பாட்டையும், 1991இல் 'வித் டுமாரோ'வையும் பதிவு செய்தது. 2007இல் ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் க்ராஸும் 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பத்தில், டில்லர்ட் & கிளார்க்கின் 1969 ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகளை எடுத்துப் பாடினார்கள். அது 2009இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. 2014இல் 'பீச் ஹவுஸ்' குழுவினர் நண்பர்களைத் திரட்டி, 'நோ அதர்' முழுவதையும் வரிசை மாறாமல் மேடையில் வாசித்தார்கள்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு: 'செட் யூ ஃப்ரீ திஸ் டைம்' பாட்டில் தொடங்குங்கள். அடுத்து 'எக்கோஸ்', அதற்கடுத்து 'ட்ரெயின் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்', டில்லர்ட் & கிளார்க் பதிவில். பிறகு 'ஒய்ட் லைட்' முழுவதும், ஒரே உட்காரலில். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டுவிட்டு 'நோ அதர்' போடுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், அறையில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதில் கேளுங்கள், 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' குரல்களுக்கு இடம் வேண்டும். கிதார் வாசிக்கிறவர்கள் 'ஃபார் எ ஸ்பானிஷ் கிதார்' கார்டுகளை இணையத்தில் தேடுவதற்கு முன்னால் காதால் ஒரு தரம் பிடித்துப் பாருங்கள். மூச்சு எடுக்கும் இடங்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.